ஒரு கிராம் கரிக்குள் 25 செண்டு நிலம்!

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறித் திருச்சுழிக்குப் போகிறவர்களுக்கு, திருமேனிநாதர் கோவில் கோபுரம் தெரிவதற்கு முன்பே புகை தெரிந்துவிடும்.

சாலையின் இரு பக்கமும் சீமைக் கருவேலங்காடு. நடுநடுவே பொட்டல். அந்தப் பொட்டலில் மண் பூசிய மேடுகள். மேட்டின் உடம்பெல்லாம் வெள்ளைப் புகை கசிகிறது. அதுதான் கரி மூட்டம்.

கரி போடுவது லேசான வேலை அல்ல. வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்க வேண்டும். மேலே வைக்கோலும் தழையும் பரப்ப வேண்டும். மண்ணைக் குழைத்து மூட வேண்டும். பிறகு ஒரு ஓட்டை வழியாகத் தீ வைக்க வேண்டும். உள்ளே காற்று அதிகமாகப் போனால் கட்டை எரிந்து சாம்பலாகிவிடும். போகாவிட்டால் தீ அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, நாள் கணக்கில் புழுங்க விட வேண்டும். ராத்திரியிலும் ஆள் காவல் இருக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துத் தீ எட்டிப் பார்த்தால், உடனே ஓடிப் போய் அந்த இடத்தில் மண்ணை அப்ப வேண்டும். புருஷனும் மனைவியும் மாறி மாறி விழித்திருப்பார்கள். கண் எரியும். நெஞ்சு கமறும்.

இவ்வளவு பாடுபட்டு நாலைந்து மூட்டை விறகைப் போட்டால், ஒரு மூட்டை கரி வரும். உருட்டுக் கரி தனி, குச்சிக் கரி தனி, தூள் தனி என்று பிரித்துச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். டீக்கடை அடுப்புக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஓட்டலுக்கும் ஆலைக்கும் போகிறது. அங்கே எரிகிறது. கதை முடிந்தது.

ஆனால் கரிக்கு எரிவதைத் தவிர இன்னொரு வேலையும் தெரியும். ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் வாயுக்களைப் பிரித்துக் கொடுக்கும் வேலை அது. உலகத்துப் பெரிய பெரிய தொழிற்சாலைகள் இந்த வேலைக்காக மண்டையை உடைத்துக் கொண்டிருக்கின்றன. 2025-ம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசுகூட இதைச் சேர்ந்த கண்டுபிடிப்புக்குத்தான் போயிற்று. அந்த வித்தையில் ஒரு சிறு பங்காவது இந்த வறண்ட சீமைக்கு வந்து சேர வேண்டும்.

சாக்குக்குள் ஒரு சங்கதி

கரி கட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கை எடுத்துக் கொள்ளுங்கள். அது புரோப்பிலீன் என்ற வாயுவில் பிறந்தது. மளிகைக் கடை பாலிதீன் பையும், மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் எத்திலீன் என்ற வாயுவில் பிறந்தவை. பெட்ரோலிய எண்ணெயிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் இவற்றை எடுக்கிறார்கள்.

எடுக்கும்போது இவை தனியாக வருவதில்லை. எத்திலீன் வந்தால் கூடவே ஈத்தேன் வரும். புரோப்பிலீன் வந்தால் கூடவே புரோப்பேன் வரும். எல்லாம் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த குடும்பம். வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் புரோப்பேனும் பியூட்டேனும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்தான். குடும்பத்தில் கடைக்குட்டி மீத்தேன். சாண எரிவாயுவில் எரிவது அதுதான்.

ஈத்தேனையும் எத்திலீனையும் பிரிப்பது எளிதல்ல. இரட்டைப் பிள்ளைகளைத் தாய் அடையாளம் கண்டுபிடிப்பாள். யந்திரம் என்ன செய்யும்? ஈத்தேனில் 6 ஹைட்ரஜன் அணு. எத்திலீனில் 4. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதுவரை கைக்கொண்ட வழி, காய்ச்சி வடிப்பது. வாயுவைக் குளிர வைத்துத் திரவமாக்குகிறார்கள். அது எந்த உஷ்ணத்தில் மறுபடி கொதிக்கிறது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். எத்திலீன் கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 104 டிகிரியில். ஈத்தேன் கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 89 டிகிரியில். புரோப்பிலீனுக்கும் புரோப்பேனுக்கும் நடுவே 6 டிகிரிகூட வித்தியாசம் இல்லை. அழுத்தம் கொடுத்தால் குளிர் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் போதும். ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய உயரமான இரும்புக் கோபுரம் வேண்டும். அதன் ஒரு முனையில் சூடு, மறு முனையில் குளிர், இரவும் பகலும் கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றும். டேவிட் ஷால், ரயன் லைவ்லி என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 2016-ம் ஆண்டில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். உலகத்தில் வருஷத்துக்கு 20 கோடி டன்னுக்கு மேல் எத்திலீனும் புரோப்பிலீனும் தயாராகிறது. ஆளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 30 கிலோ. இரண்டு வீட்டுச் சிலிண்டர் எடை! இவற்றைச் சுத்தம் செய்வதற்கு மட்டும் உலகம் செலவழிக்கும் எரிசக்தியில் ஆயிரத்தில் 3 பங்கு போகிறது. சிங்கப்பூர் முழுவதற்கும் ஒரு வருஷத்துக்கு ஆகும் எரிசக்தி அது.

முறமும் சல்லடையும்

அரிசியில் கல் கிடந்தால் எந்தப் பெண்ணாவது அதைக் காய்ச்சிப் பிரிப்பாளா? முறத்தில் இட்டுப் புடைப்பாள். மாவில் தவிடு கிடந்தால் சல்லடையில் சலிப்பாள். வாயுவையும் அப்படிச் சலித்துவிட்டால் என்ன?

சலிக்கலாம். அதற்கு ஏற்ற சல்லடைதான் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வாயுவுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள சல்லடை. அந்தத் துளைகள் கரிக்குள் இருக்கின்றன.

மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் கரியிலும் அப்படியே நிற்கும். மரம் வெந்து கரியாகும்போது இன்னும் நுண்ணிய இடுக்குகள் உண்டாகும். அந்த இடுக்குகளில் தார் அடைத்துக் கொண்டிருக்கும். அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி வரை சூடாக்கி, அதன் மேல் நீராவியைப் பாய்ச்சினால் அடைப்பு எரிந்து வெளியேறும். கரியிலும் ஒரு பகுதி வாயுவாகிப் போய்விடும். மிச்சம் இருப்பது எடை குறைந்த, உள்ளே ஓட்டையும் உளுவையுமான கரி. கடையில் இதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்று பெயர். குடிதண்ணீர் வடிகட்டியில் போடுகிறார்களே, அந்தக் கறுப்புக் குருணை இதுதான்.

இந்தக் கரியில் ஒரு கிராம் எடுத்து, அதன் உள் சுவர்களை எல்லாம் பிரித்து விரித்துப் போட முடிந்தால் எவ்வளவு இடம் ஆகும் தெரியுமா? சுமார் 1,000 சதுர மீட்டர். அதாவது 25 செண்டு நிலம்! ஒரு கைப்பிடிக் கரிக்குள் ஒரு பெரிய பண்ணையே அடங்கிக் கிடக்கிறது.

புதருக்குள் நடந்து போனால் வேட்டியில் நாயுருவி ஒட்டிக் கொள்வதுபோல, வாயுவின் துகள்கள் இந்தச் சுவர்களில் ஒட்டிக் கொள்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. மீத்தேன் லேசாக ஒட்டும். ஈத்தேனும் எத்திலீனும் அதைவிட இறுக்கமாக ஒட்டும். புரோப்பேன் இன்னும் இறுக்கம். கலவையை அழுத்தத்தோடு கரிக்குள் செலுத்தினால், ஒட்டாதது முதலில் வெளியே வந்துவிடும். பிறகு அழுத்தத்தைத் தளர்த்தினால் ஒட்டியது கைவிட்டு வரும். அதே கரியை மறுபடி மறுபடி உபயோகிக்கலாம். கோபுரமும் வேண்டாம், கடுங்குளிரும் வேண்டாம்.

சிரட்டை செய்த வேலை

கரி வாயுவைப் பிடிக்கும் என்பது நேற்றுத் தெரிந்த விஷயம் அல்ல. 1773-ம் ஆண்டிலேயே ஷீலே என்ற சுவீடன் ரசாயனி இதைக் கண்டார். முதல் உலக யுத்தத்தில் விஷ வாயுவுக்குத் தப்பச் சிப்பாய்கள் மாட்டிக் கொண்ட முகமூடிக்குள் இருந்ததும் கரிதான். அந்தக் கரிக்காக அமெரிக்காவில் 1918-ல் பீச் பழக் கொட்டைகளை வீடு வீடாகச் சேர்த்தார்கள். தென்னை நாடுகளிலிருந்து சிரட்டையும் போயிற்று.

1940-களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமெரிக்காவில் யூனியன் ஆயில் கம்பெனியின் கிளைட் பெர்க் ஒரு யந்திரம் அமைத்தார். உயரமான குழாயின் மேலிருந்து சிரட்டைக் கரிக் குருணை மெதுவாக இறங்கிக் கொண்டே இருக்கும். கீழிருந்து வாயுக் கலவை மேலே ஏறும். ஏறும் வாயுவிலிருந்து எத்திலீனைக் கரி பிடித்துக் கொள்ளும். மீத்தேனும் ஹைட்ரஜனும் தப்பித்து மேலே போய்விடும். தொழிற்சாலையில் ஓட்டியும் பார்த்தார்கள். ஆனால் ஏறி இறங்கி உரசியதில் கரி பொடிந்து தூளாயிற்று. தூளானால் நஷ்டம். யந்திரத்தைக் கைவிட்டார்கள். கருத்து மட்டும் சாகவில்லை. கரியை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கும் முறை பிறகு வந்தது. சாண எரிவாயுவைச் சுத்தம் செய்து வண்டி ஓட்டும் மீத்தேனாக்க இந்த முறையை உலகமெங்கும் கையாளுகிறார்கள்.

கரிக்கும் ஒரு குறை உண்டு. ஈத்தேன், எத்திலீன் இரட்டையரை அது சரியாக அடையாளம் கண்டுபிடிக்காது. அங்கேதான் நோபல் பரிசு வாங்கியவர்கள் வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் ராப்சன், ஜப்பானில் சுசுமு கிட்டகாவா, அமெரிக்காவில் ஓமர் யாகி. உலோக அணுக்களை மூலையில் வைத்து, நீளமான கரிமத் துகள்களைக் குறுக்குச் சட்டமாகக் கோத்து, பந்தல்போல் கூடு கட்டினார்கள் இவர்கள். கிட்டகாவாவின் கூடு 1997-ம் ஆண்டிலேயே மீத்தேனைப் பிடித்து விட்டது. கூட்டின் வாசலை வேண்டிய அளவுக்கு வைக்கலாம் என்பதுதான் இதில் விசேஷம். உள்ளே இரும்பையோ செம்பையோ வைத்தால் அது எத்திலீனைத் தேடிப் பிடிக்கும், ஈத்தேனை விட்டுவிடும். ஆனால் விலை அதிகம். சில கூடுகள் ஈரம் பட்டால் இடிந்தும் விடும்.

யாகியின் கதையைத் திருச்சுழிப் பிள்ளைகள் தெரிந்து கொள்ள வேண்டும். ஜோர்டான் நாட்டில் அம்மான் நகரில், அகதிக் குடும்பத்தில் 1965-ல் பிறந்தவர். ஒரே அறையில் ஒரு டஜன் பேர், கூடவே மாடுகள். தகப்பனார் படித்தது 6-ம் வகுப்பு. தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தண்ணீருக்குக் காத்திருந்து வளர்ந்த அந்தப் பையன்தான், பாலைவனக் காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராகக் கொடுக்கும் கூட்டையும் பிறகு உண்டாக்கினார். கண்மாய் வற்றினால் குடத்தைத் தூக்கிக் கொண்டு நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமான கதையா?

விறகு விலைக்கு விற்பது ஏன்?

இப்போது மூட்டத்துக்குத் திரும்புவோம். ஆக்டிவேட்டட் கார்பன் சாதாரணக் கரியைவிடப் பல மடங்கு விலை போகிறது. அப்படியிருக்க, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரக் கரி விறகு விலைக்கே லாரி ஏறிக் கொண்டிருக்கிறது. புகையைத் தின்றவனுக்குக் கூலி மட்டும். துளையின் விலை வேறு யாருக்கோ.

இது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. சிரட்டை ஒரு காலத்தில் அடுப்பங்கரைக் குப்பை. காங்கயம், பொள்ளாச்சிப் பக்கம் அதைக் கரியாக்கி, கரியைத் துளைக் கரியாக்கி, கப்பல் ஏற்றுகிறார்கள். இலங்கையில் ஹேகார்ப் என்ற கம்பெனி 1973-ல் தொடங்கி இதே தொழிலில் உலகப் பெயர் வாங்கிவிட்டது. சிரட்டைக்கு வந்த யோகம் கருவேலங்கட்டைக்கு வரக் கூடாதா?

மிகைப்படுத்திச் சொல்வது பாவம். ஆகையால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். சிரட்டைக் கரியின் துளை மிக நுண்ணியது. வாயு வேலைக்கு அதுதான் முதல் தரம். மரக்கரியில் பெரிய துளைகள் அதிகம். பெரிய துளைகள் சாயத்துக்கும் அழுக்குத் தண்ணீருக்கும் பொருத்தம். சீமைக் கருவேலங்கரியைத் துளைக் கரியாக்கிச் சாயத் தண்ணீரைத் தெளிய வைத்துக் கல்லூரி ஆய்வுக் கூடங்களில் பலர் பார்த்திருக்கிறார்கள், தெளிந்திருக்கிறது. அருப்புக்கோட்டை நெசவு ஊர். தறி இருக்கும் இடத்தில் சாயமும் இருக்கும். முதல் கிராக்கி வாசலிலேயே நிற்கிறது! சாயத் தண்ணீரில் தொடங்கலாம். அடுத்தது சாண எரிவாயு. அதில் இருக்கும் நாற்ற வாயுவைப் பிடிக்கக் கரி போதும். எத்திலீன் கோபுரங்களோடு போட்டி போடுவது பேரப்பிள்ளைகள் காலத்து வேலையாக இருக்கலாம். இருக்கட்டுமே.

இன்னொரு லாபமும் உண்டு. மூட்டத்துப் புகை வெறும் புகை அல்ல. அதற்குள் மீத்தேன் இருக்கிறது. ஹைட்ரஜன் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு என்ற ஆளைக் கொல்லும் வாயுவும் இருக்கிறது. எல்லாம் எரியக் கூடியவை. மண் மேட்டுக்குப் பதில் மூடிய இரும்பு உலை வைத்து, அந்தப் புகையைக் குழாய் வழியே திருப்பி எரித்தால், உலைக்கு வேண்டிய சூட்டில் பெரும் பகுதி அதிலேயே கிடைக்கும். கரி போடும் பெண்ணின் நெஞ்சுக்குள் போகிற புகை அடுப்புக்குள் போகும். துளைக் கரி விலை போனாலும் போகாவிட்டாலும், இந்த ஒரு காரியத்துக்காகவே உலையை மாற்ற வேண்டும்.

மரத்தை வளர்க்கச் சொல்கிறதா?

சீமைக் கருவேலத்துக்குப் பரிந்து பேசினால் இந்தச் சீமையில் பலருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. 1877-ல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று பின்னாலும் பரப்பினார்கள். அது கண்மாயை மூடிற்று. வரத்துக் காலை அடைத்தது. மேய்ச்சல் தரையை விழுங்கிற்று. அதை ஒழிக்கும் வழக்கு 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய்ப் பெரிய பேச்சாயிற்று. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல்நாட்டுக் களைச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கையே வகுத்தது.

ஒழிக்கட்டும். ஆனால் ஒழிப்பதற்கும் காசு வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு நாலு கிளை விட்டு நிற்கும். தூரோடு பிடுங்கினால்தான் சாகும். தூரைப் பிடுங்கக் கூலி கொடுப்பது யார்? தூருக்கு நல்ல விலை வந்தால் தூர் தானாக வெளியே வரும். ஆகவே உலைக்கு வரும் விறகு கண்மாயிலும் வரத்துக் காலிலும் தூரோடு எடுத்ததாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே நிபந்தனை போட வேண்டும். புதிதாக நட்டு வளர்த்த கட்டைக்கு ஒரு பைசாகூட விலை கிடையாது என்றும் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காசுக்கு ஆசைப்பட்டுப் பருத்திக் காட்டிலும் இதை நடுவதற்கு ஆள் வந்துவிடுவார்கள்.

மரம் ஒழிந்த பிறகு உலை என்ன செய்யும் என்று கேட்கலாம். இருக்கிற காடு ஒழிய வெகு காலம் ஆகும். பிறகு பருத்திமாரும் சிரட்டையும் இருக்கின்றன. உலை பட்டினி கிடக்காது.

முதலில் செய்ய வேண்டியது சிறிய காரியம். கருவேலங்கரி, தூர்க்கரி, சிரட்டைக் கரி மூன்றிலும் ஒவ்வொரு சாக்கு எடுத்து, எது எவ்வளவு வாயுவைப் பிடிக்கிறது, எதில் சாம்பல் குறைவு, எது பொடியாமல் தாங்குகிறது என்று பரீட்சை செய்ய வேண்டும். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து எழுந்த மத்திய மின் ரசாயன ஆய்வுக்கூடம் 1953 முதல் நடக்கிறது. அருப்புக்கோட்டையிலேயே கல்லூரிகள் இருக்கின்றன. விருதுநகரில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. இவர்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைக்கக் கலெக்டர் ஒருவர் மனது வைத்தால் போதும்.

இரண்டாவது காரியம் அதைவிடக் கடினம். உலை யாருக்குச் சொந்தம்? பெரிய முதலாளி ஒருவர் வந்து போட்டால் மூட்டக்காரர் கட்டை சுமக்கும் கூலியாகவே நிற்பார். நெசவாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பழகிய ஊர் இது. கரிக்காரர்களுக்கும் ஒரு சங்கம் வைத்து, உலையை அதன் பேரில் எழுத வேண்டும். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் கட்டை அடுக்கும் பெண்ணின் பெயரும் ஏற வேண்டும். புருஷன் பெயர் மட்டும் போதாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கொண்டால் மூட்டம் போட முடியாது. மண் கரைந்து தீ அணைந்துவிடும். அந்த நாட்களில் கரிக்காரர் வீட்டு அடுப்பு கடனில்தான் எரிகிறது. கோடையில் போட்ட கரியைச் சேர்த்து வைத்து, கூரைக்குக் கீழே நிற்கும் உலையில் அதைத் துளைக் கரியாக்கும் வேலை, அந்த இரண்டு மாதத்திலும் நிற்காமல் நடக்கும்.